என் வீட்டுக்காரரின் பொய்க் காய்ச்சல்

காலமெல்லாம் பஸ் ஓட்டியபோது கிடைக்காத பெருமை, நோயாளியாக நடிக்க ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. புற்றுநோய் வார்டில் சேரப்போகும் நர்ஸ்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. கட்டில், திரைச்சீலை, சலைன் ஸ்டாண்டு எல்லாம் அசல். நோயாளி மட்டும் டூப்பு. போன வருஷம் நிஜமாகவே கீமோ மருந்து ஏற்றிக் குணமானவர் என்பதால் இவரைக் கூப்பிட்டார்கள். இவரும் பெண் பார்க்கப் போகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். அங்கே போய் அவர்கள் கொடுக்கும் தொளதொள அங்கியைத்தான் மாட்டப் போகிறார், இஸ்திரி எதற்கு என்று கேட்டால் காலரை இன்னொரு தடவை தேய்ப்பார்.

இவருக்கு வாய்த்த வேஷம், காய்ச்சலை மறைக்கும் நோயாளி. கீமோ ஏற்றிய உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. லேசான காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். இந்த மனுஷன் நிஜமாகவே மறைத்தவர். படுக்கையில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, வாயில் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னால் ஐஸ் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். அந்தத் திருட்டுத்தனத்தைப் பயிற்சி மேடத்திடம் பீற்றிக்கொள்ள, அவர் அதையே பரீட்சையாக வைத்துவிட்டார். தண்ணீர் விஷயத்தைக் கண்டுபிடிக்காதவர்களுக்குத் தெர்மாமீட்டர் அளவு "நார்மல்" என்று மேடமே சொல்வார். அதை நம்பினால் ஃபெயில்; எங்கே ஏமாந்தோம் என்றும் சொல்ல மாட்டார்.

அன்றைக்கு வந்த பெண்ணுக்கு இவர் வைத்திருந்த பெயர் பஞ்சு. குரல் அத்தனை மெத்து. ஏற்கெனவே இரண்டு தடவை இவரிடம் ஏமாந்தவள். இன்றும் ஏமாந்தால் அவள் ஆசைப்பட்ட புற்றுநோய் வார்டு கிடையாது, வேறு எங்காவது போட்டுவிடுவார்கள். வெளியே பெஞ்சில் கண்ணை மூடிப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் நேரே இவரிடம் போனேன்.

"பாவம்ங்க. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

"நிஜ நோயாளி விட்டுக்கொடுப்பானா?" என்றார்.

"அதான் பாத்தேனே" என்றேன்.

மனைவியாக நடிக்க வேண்டிய பெண்மணி வரவில்லை. சாப்பாட்டுப் பையோடு நின்ற என்னைப் பிடித்துக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தார் மேடம்.

"நீங்களா எதுவும் சொல்லக் கூடாதும்மா. கேட்டா மட்டும் ராத்திரி நடுக்கத்தையும் ஐஸ் தண்ணியையும் சொல்லுங்க."

"நடக்கிற காரியமா சொல்லுங்க மேடம்" என்று கட்டிலில் இருந்தபடியே சிரித்தார் இவர்.

பஞ்சு உள்ளே வந்தாள். "எப்படி இருக்கீங்கப்பா?"

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்மா."

"குளிர், நடுக்கம் ஏதாச்சும்?"

"எனக்கா? நடுக்கமா?"

தெர்மாமீட்டரை வைத்தாள். ஓரத்தில் நின்ற மேடம், "நார்மல்" என்றார். பஞ்சு தலையை ஆட்டினாள். எனக்கானால் நாக்கு நுனியில் வந்து முட்டுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் திரைச்சீலை வரை போய்விட்டாள். போச்சு, குடியே முழுகிப்போச்சு என்று நினைத்தேன்.

அங்கேயே நின்றாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. ராத்திரி இவர் எப்படித் தூங்கினாரு?"

"தூங்கினாரா? போர்வைக்கு மேல போர்வை போட்டும் நடுங்கினாரும்மா. முதுகு கொதிக்குது. வர்றதுக்கு முன்னாடி ஐஸ் தண்ணியக் கொப்பளிச்சாரு. ஒவ்வொரு தடவையும் என்னை வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க. நானும் கதவையே பாத்துட்டு நின்னேன். யாருமே என்னை ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் ஒருநாள் குளியலறையில விழுந்து கிடந்தாரு..."

மேடம் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி நான் போன வருஷத்துக்கே போய்விட்டது அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நான் கேட்டுட்டேன்லம்மா. இனிமே நான் பாத்துக்கறேன்."

இவர் பக்கம் திரும்பியபோது குரலில் பஞ்சு இல்லை. "அப்பா, இனி வாயில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. கால் மணி கழிச்சு மறுபடியும் பாப்பேன். அதுவரைக்கும் நகர மாட்டேன்." அங்கிருந்தபடியே டாக்டருக்குப் போன் போட்டாள். "கீமோ நோயாளி, காய்ச்சலை மறைக்கிறார். உடனே ரத்தம் எடுக்கணும், வாங்க."

"பாஸ்!" என்றார் மேடம்.

அவ்வளவுதான். தோற்றுப்போன மனுஷன் கட்டிலிலிருந்து குதித்து, அங்கியின் பின்பக்கம் திறந்திருப்பதுகூடத் தெரியாமல் கைதட்டி ஆடினார். பஞ்சு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

மேடம் என்னை வாராவாரம் வரச் சொன்னார். இவருக்குப் பொறுக்கவில்லை. "இவ பக்கத்துல உக்காந்தா எல்லாருமே பாஸாயிடுவாங்க மேடம்."

"கேட்டாத்தானே சொல்லுவேன்" என்றேன் நான்.