நாலு முழ நூல்

வடகவுஞ்சிக்காரர்களுக்குப் பூண்டு போடத் தெரியும், மரவேலை தெரியாது. இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். தெரிந்திருந்தால் கோயில் முன்மண்டபத்துக்கு ஒரு மர வளைவு செய்ய, பழனியிலிருந்து என்னை ஏன் கூப்பிடப்போகிறார்கள்?

மரம் அன்னக்கொடியுடையது. அவள் புருஷன் வைத்த சந்தனவேம்பு. அவன் செத்த பிறகு வியாபாரிகள் எத்தனையோ பேர் கேட்டும் விற்காமல் வைத்திருந்து, "சாமி வாசல்ல நின்னு அவரு பேரச் சொல்லட்டும்" என்று கோயிலுக்கு வெட்டிக் கொடுத்தாள். வளைவுக்குச் சரியாகத்தான் பலகை தேறியது. கெட்டுப்போனால் மாற்று இல்லை.

ஒத்தாசைக்கு உள்ளூர்த் திருமலைச்சாமியை விட்டார்கள். கலப்பை செதுக்குகிறவன். நான் தரையில் ஆணி அடித்து, வட்டம் சுற்ற நாலு முழ நூலைக் கட்டியதும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, நூலு வேணாம். ஒரு ரீப்பர்க் கட்டையில ரெண்டு ஓட்டையப் போட்டுச் சுத்துங்க."

"ஏலே, வண்டிச் சக்கரமா செய்யுறேன்? எங்கப்பா சப்பரத்துக்கே நூல்லதான் வளைவு போட்டாரு. ஒஞ் சோலியப் பாரு."

"இல்லண்ணே, இங்க மஞ்சு எறங்குனா..."

"குளுருதுன்னா போய்ப் போத்திக்கிட்டுப் படு!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் பலகையைப் புரட்டினான். எனக்குப் பாடம் சொல்ல வந்த மூஞ்சியைப் பார்!

முற்றத்தில் பாதி வளைவுக்குத்தான் இடம் இருந்தது. வெள்ளனே, பனிமஞ்சு மூடிக் கிடக்கும்போது இடது பாதிக்குக் கோடு போட்டு எடுத்து வைத்தேன். உச்சி வெயிலில் வலது பாதி. எட்டு நாள் அறுத்துச் செதுக்கி இழைத்தேன். திருமலைச்சாமியைத் தூக்கவும் பிடிக்கவும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் இரண்டு பாதியையும் தூண்களின் மேல் ஏற்றினோம். உச்சியில் ஒட்டவில்லை. வலது பாதி இரண்டு விரல் உயர்ந்து நின்றது. காலை ஈரத்தில் நூல் சுருங்கியிருக்கிறது, வெயிலில் காய்ந்து நீண்டிருக்கிறது. சாரத்தில் நின்றபடியே எனக்குப் புரிந்துவிட்டது. இழைத்துச் சரிக்கட்ட மரத்தில் சதையும் இல்லை.

"என்னங்க ஆசாரி, ஒட்டலையே?" கீழிருந்து அன்னக்கொடி கேட்டாள்.

"மரம் சரியில்ல ஆத்தா. முறுக்கிக்கிருச்சு."

என் நாக்கு கூசவே இல்லை.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, எட்டு நாளு ஒழைப்ப எங்க மரம் வீணாக்கிருச்சே. மனசுல வச்சுக்கிராதீங்க சாமி" என்று கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டாள்!

எதிர்ச் சாரத்திலிருந்து திருமலைச்சாமி என்னையே பார்த்தான். நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. அவனே சொன்னாலும் பழனி ஆசாரி பேச்சுக்கு எதிராக அவன் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்? அதற்கான வேலையைத்தான் முதல் நாளே நான் செய்து வைத்திருந்தேனே. அவன் தூ என்று துப்பிவிட்டு இறங்கிப் போனான்.

பழனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அன்னக்கொடி என் கருவிப் பையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியெல்லாம் வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவி மகள். வெட்கப்பட வேண்டிய நாய் பின்னால் கை வீசிக்கொண்டு வந்தது.

பஸ் வந்தது. பையை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த மரத்த அடுப்புக்கு வச்சிரவா ஆசாரி?"

"வச்சிரு" என்றேன்.