மோசமில்லை

தைஸ்தோ நான் நனைத்துக் கொடுத்த காகிதக் கீற்றை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டான்.

"ஆகா, ஹெல்கா! இதுதான்டி. ஏரிப் பனியில ஓட்டை போட்டதும் கீழேருந்து குபுக்குன்னு மேல வருமே, அந்தத் தண்ணி. கரையில மரப்பலகை, அதுல கொஞ்சம் தார். அப்படியே இருக்கு!"

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இந்த மனுஷன் சொன்னது, "மோசமில்ல." நான் செய்த முதல் வாசனைத் திரவியத்தைப் பற்றி ஹெல்சின்கி நகரமே பேசியபோதும், "மோசமில்ல." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்கிற ஜாதி நாங்கள். யாராவது வாயாரப் புகழ்ந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அப்படிப்பட்டவன் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கவிஞனாகத் திரிந்திருக்கிறான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. காபி வெறும் சூடான கசப்பு. சானாவில், எங்கள் நீராவிக் குளியலறையில், சுட்ட கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஆவி வருகிறது, பிர்ச் இலை வாசம் வருவதில்லை. "வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அதைச் சொல்ல ஒரு டாக்டர்! பக்கத்து வீட்டு ரெய்யோ, "நல்லதாப் போச்சு, இனிமே என் மாட்டுத் தொழுவத்துக்கு மூக்கைப் பிடிக்காம வருவே" என்று சிரித்தான். அவனை அடித்திருப்பேன்.

உறைந்த ஏரியின் வாசனையில் நான் செய்துகொண்டிருந்த திரவியம் பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்கத் தைஸ்தோவின் மூக்கைக் கடன் வாங்கினேன். நான் கலப்பேன், அவன் முகர்ந்து சொல்வான். முதல் தடவை உள்ளதைச் சொன்னான்: "எரிஞ்ச ரப்பர் மாதிரி இருக்கு." நான் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஓட்ஸ் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினான், துப்பினேன். அதற்கப்புறம் அவன் முகர்ந்ததெல்லாம் நன்றாகவே இருந்தது. நானும் நம்பினேன். எழுந்து தலை குளித்தேன், பாட்டில்களை நிரப்பினேன், என் பெயரை ஒட்டினேன். நாளைக்கு வண்டி வந்து எடுத்துப்போகும்.

இன்று காலை அடுப்படியில் நிற்கும்போதுதான் உறைத்தது: இந்தக் குளிர்காலத்தில் அவன் ஒரு தடவைகூட "மோசமில்ல" என்று சொல்லவில்லை. புதுக் கீற்று ஒன்றை எடுத்தேன். அதைத்தான் அவன் இப்போது முகர்ந்து உருகினான்.

"அதுல என்ன இருக்கு, தைஸ்தோ?"

"உன் ஏரிதான். வேறென்ன?"

"குழாய்த் தண்ணி."

அவன் கண்களைத் திறந்தான். காது நுனி சிவந்தது. கீற்றை மேஜையில் வைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றான்.

"நீ மறுபடியும் படுத்துடுவியோன்னு..." என்றான்.

"பாட்டில்ல இருக்கிறது எப்படி இருக்கு?"

அவன் கீற்றை இரண்டாக மடித்தான்.

"எப்படிய்யா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும், ஹெல்கா. நான் மரம் வெட்டுறவன்."

அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பேன். இனி இந்த உலகத்தில் எனக்கு உண்மை சொல்ல ஒரு மூக்கு இல்லை; பிரியமாக இருக்கிற எவரும் சொல்லப்போவதில்லை. 

நிரப்பி வைத்த பாட்டில் ஒன்றைத் திறந்தேன். உள்ளங்கை வழிய ஊற்றிக் கழுத்திலும் மணிக்கட்டிலும் தேய்த்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது, குளிர்ந்தது. எனக்கு அவ்வளவுதான். அவனை நெருங்கிப் போனேன். அவன் பின்வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டான், தாடையை என் தலைமேல் வைத்து.

அவன் மார்பில் காதை வைத்தேன். இதயம் அடித்துக்கொண்டிருந்தது. மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தான்.