சாம்ராஜ்யத்தின் மஞ்சள் தட்டுகள்

குண்டூர்ப் பக்கத்தில் மருந்து அடிக்காமல் மிளகாய் விளைவிக்கிறேன் என்று எவராவது சொன்னால் ஊர் அவரை ஏற இறங்கப் பார்க்கும். சாம்ராஜ்யம் சொன்னாள். மகளிர் குழுக் கூட்டத்தில், அதுவும் மைக்கில். அவள் ஜெயித்தால் தாங்களும் மருந்தை விடுவதாக மற்றப் பெண்கள் கை தூக்கிவிட்டார்கள்.

புருஷன் கோட்டய்யா அன்றே கெடு வைத்தான். "முதல் காய் சிவக்கறதுக்குள்ள கொல்லை சுருட்டிச்சுன்னா ஸ்பிரேயர் என் முதுகுல ஏறும். அப்புறம் நீ வாயே தொறக்கக் கூடாது."

"சரிங்க. சுருட்டலைன்னா நீங்க தொறக்கக் கூடாது."

இலையைச் சுருட்டுவது வெள்ளை ஈ. அதற்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர். சாம்ராஜ்யம் தகரத் தட்டுகளுக்கு மஞ்சள் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, கொல்லை முழுக்கக் குச்சியில் நட்டாள். ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்தன. ஆனால் மஞ்சளைப் பார்த்து ஈ மட்டுமா வரும்? அது தேர்தல் நேரம். அந்த ஊரில் மஞ்சள் ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி. மஞ்சள் சேலை கட்டிப் போனால் நீலக் கட்சிக்காரன் கடையில் உப்புகூடத் தர மாட்டான்.

கோட்டய்யாவுக்குத் தம்பி முறையான வீராஞ்சநேயுலு நீலக் கட்சி. ஓடிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டான். ஜீப் வந்தது. தேர்தல் அதிகாரி விறைப்பாக இறங்கினார்.

"யாரைக் கேட்டும்மா இத்தனை மஞ்சக் கொடி?"

"கொடி இல்ல சார். பூச்சிக்கு வெச்சிருக்கேன்."

"பூச்சி எந்தக் கட்சி?"

"அது எல்லாக் கட்சியிலயும் இருக்கு சார்."

அதிகாரி ஒரு தட்டைப் பிடுங்கினார். பிசுபிசுத்த கையோடு யோசனையாக மீசையைத் தடவினார். மீசையில் ஈக்கள் குடியேறின.

"என்ன கருமம் இது?"

"வெளக்கெண்ண, சார்."

"யாரைப் பாத்துச் சொல்றே?"

ஊரிலுள்ள தலைவர் சிலைகளையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டு வந்த மனுஷர் அவர். அதே சூட்டில், ஓட்டுப் போட்டு முடியும்வரை தட்டுகளையும் மூடச் சொல்லிவிட்டுப் போனார்.

தட்டுகள் முக்காடு போட்டு நின்றன. வெள்ளை ஈக்களுக்குக் கல்யாணம்தான். கோட்டய்யா ஸ்பிரேயரை எடுத்துத் தூசி தட்டினான். கூடவே விசில் வேறு.

கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலைச் சோற்றில் பிசையும்போதுதான் சாம்ராஜ்யத்துக்குப் பளிச்சென்றது. ஒரு கட்சி நிறம் மட்டும் இருப்பதுதானே குற்றம்? இலைப்பேன் என்று இன்னொரு சனியன் இருக்கிறது; அதற்கு நீலம்தான் இஷ்டம். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

மறுநாள் ஒவ்வொரு மஞ்சளுக்குப் பக்கத்திலும் ஒரு நீலம். அதிகாரி திரும்பி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டு, "இப்பதான் சமமா இருக்கு. துணிய எடுத்துரலாம்" என்றார்.

வீராஞ்சநேயுலு வரப்பில் பெருமையாக நடந்து பார்த்தான். முகம் தொங்கியது. "அண்ணி, நம்ம நீலத் தட்டுல ஏன் பூச்சி கம்மியா இருக்கு?"

"எண்ணெய் காஞ்சிருக்கும் தம்பி. மஞ்சக்காரங்களுதப் பாரு, எப்படி அப்பிக் கெடக்கு!"

அவ்வளவுதான். பொழுது விடிந்ததும் அவன் விளக்கெண்ணெய்க் குடத்தோடு வந்தான். விஷயம் தெரிந்து மஞ்சள் கட்சிக்காரர்கள் டிரம்மோடு வந்தார்கள். அவரவர் தட்டை அவரவர் துடைத்தார்கள், தடவினார்கள். ஒரு பேன் ஒட்டினால் இந்தப் பக்கம் கைதட்டல், ஓர் ஈ ஒட்டினால் அந்தப் பக்கம் விசில். சாம்ராஜ்யம் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு கட்சிக்கும் மோர் ஊற்றினாள். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"என்னடி கூட்டம் இது?" என்றான் கோட்டய்யா.

"பிரச்சாரம்ங்க."

ஓட்டு எண்ணும் நாளன்று ஊரே பள்ளிக்கூட வாசலில் நின்றது. கோட்டய்யா மட்டும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு சுருண்ட செடியைத் தேடிச் சால் சாலாக நடந்தான். இங்கொன்று அங்கொன்றாகச் சில இலைகள், அவ்வளவே. கொல்லை பச்சைப் பசேலென்று நின்றது. கடைசிச் சாலில் சாம்ராஜ்யம் குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் மேளமும் வெடியும் கேட்டன. தோல்வியை மறைக்க அவனுக்கு வேறு ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"எந்தக் கட்சி ஜெயிச்சுதாம்?"

சாம்ராஜ்யம் அவன் உள்ளங்கையை விரித்து முதல் பழத்தை வைத்தாள்.

"செவப்புக் கட்சிங்க."