முகாம் படமும் நான் விட்ட ‘ஏதோ’க்களும்

1

இந்தக் கதையில் பாதி என்னுடையதல்ல. என் அக்கா மகள் ஜீவிதாவுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘தாம்பரத்தில் மே மாத வெயில்…’ (வேண்டாம். வெயில் இல்லாத மே எது?)

இரண்டாவது: நான் படிக்கும் மாலைநேர ரஷ்ய மொழி வகுப்பில் ஒரு விதி உண்டு. வாய்மொழியாக மொழிபெயர்க்கும்போது தெரியாத சொல் வந்தால் இட்டுக்கட்டக் கூடாது. ‘ஏதோ’ என்று சொல்லிவிட்டு நகர வேண்டும்.

இதுவே இருக்கட்டும்.

2

ஞாயிறு மாலை, சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டு டிவியில் நான் தேடிப் போட்ட பழைய சோவியத் படம். கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகள், விசிலோடு திரியும் முகாம் தலைவரைப் பாடாய்ப் படுத்தும் நகைச்சுவை. சப்டைட்டில் கிடையாது, அதற்குப் பதில் நான். மறுநாள் காலை ஜீவிதா பள்ளி முகாமுக்கு ஏற்காடு பஸ் ஏற வேண்டும். வீட்டைவிட்டுத் தனியாகப் போவது முதல்முறை. பயத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் படம்.

“தலைவர் கேக்கறார்: யாரு என்னோட ஏதோவை ஏதோவுக்குள்ள போட்டது?”

“ஜட்டியை சாம்பாருக்குள்ள!” என்றார் அக்காவின் கணவர் மோகன்ராஜ்.

“அப்பா! ரஷ்யாவுல சாம்பார் ஏது?”

“அதான் அந்தாளு இவ்ளோ கோவமா இருக்காரு.”

ஜீவிதா சோபாவிலிருந்து சரிந்து சிரித்தாள். (அவளை இன்னும் துணிச்சலானவளாக எழுதிப் பார்த்தேன். அது அவளாக இல்லை, அடித்துவிட்டேன்.)

3

பிறகு அந்தக் காட்சி. பெற்றோர் வரும் நாள். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் புதிதாக வந்த சிறுவன்.

“அம்மா கேக்கறாங்க: வீட்டுக்கு வந்துடறியா? அவன் சொல்றான்: நான் ஏதோ, ஆனா ஏதோ.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் காலைக் கிள்ளினாள். “நல்லதா எதாவது சொல்லித் தொலையேன்டி.”

‘ஜாலியா இருக்கேன்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்த…

இல்லை. விதி விதிதான்.

ஜீவிதாதான் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நான் அழுவேன், ஆனா இருப்பேன்.”*

* பிறகு அகராதியோடு உட்கார்ந்து அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். சிறுவன் சொன்னது இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அவள் சொன்னதே நன்றாக இருக்கிறது.

4

முடிவு அ: காலையில் வயிற்றுவலி, பஸ் அவளில்லாமல் போகிறது.

முடிவு ஆ: ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக் கையசைக்கிறாள். (சினிமா.)

நடந்தது: கண்ணெல்லாம் சிவந்து பஸ் படியில் ஏறினாள். திரும்பினாள்.

“சித்தி! நான் ஏதோ, ஆனா ஏதோ!”

கதவு மூடிக்கொண்டது.

எனக்குத் தெரியாத சொற்களுக்கு நன்றி சொல்வேன் என்று நினைத்ததேயில்லை. அவள் வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள், இன்று செவ்வாய். அந்த இரண்டு இடங்களையும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நான் நிரப்பக் கூடாது.