காலுறை நனையாத தரை

வீட்டு வண்டிகள் வந்து தங்கும் அந்த மலைச்சரிவு முகாமில் எதைப் பற்றி யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ராய்ஸிடம் மட்டும் கேட்காமலே கிடைக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோரின் தான் குடியிருக்கும் பழைய டிரெய்லரை அடிவார வரிசையில் நிறுத்தியதுமே, பக்கத்து மோட்டார் வண்டியிலிருந்து ராய்ஸ் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

நோரின் முதலில் அந்த இடத்துக்கென்று முகாமில் போட்டிருந்த தண்ணீர்க் குழாயில் அழுத்தமானியைத் திருகினாள். முள் அறுபத்தைந்து பவுண்டில் நின்றது. அதைக் கழற்றி, அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளை ரெகுலேட்டரை மாட்டி ஐம்பதுக்குத் திருகி வைத்தாள். அதற்கு அப்புறம்தான் ஹோஸ், அதற்கும் அப்புறம்தான் வண்டி.

"என்னம்மா, குழாய்க்கு ரத்தக் கொதிப்பு பாக்குறீங்களா?" என்றார் ராய்ஸ்.

"ஆமாங்க. அடுத்தது உங்களுக்குத்தான்."

"அறுபத்தஞ்சுதானே காட்டுது? அதையும் அடைச்சு வச்சா ஷவர்ல தண்ணி வருமா, கண்ணீர் வருமா? நான் பன்னண்டு வருஷமா நேராத்தான் மாட்டுறேன்."

"இப்ப எல்லாரும் குளிக்கிறாங்க, பாத்திரம் கழுவுறாங்க. அதான் அறுபத்தஞ்சு. தொட்டி அங்க மலை மேல, நாம இங்க கீழ. மொத்த முகாமும் குழாய மூடினப்புறம் வந்து பாருங்க."

ராய்ஸ் சிரித்தார். அவருடைய மனைவி ஐமோஜீன் வண்டிக்குள்ளிருந்து, "அவங்கள விடுங்களேன்" என்று குரல் கொடுத்தாள். அவர் விடுகிற ஆளில்லை.

நோரினுக்கு இது விளையாட்டில்லை. போன வருஷம் வேறொரு முகாமில் துணி துவைக்கப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த குழாய் வெடித்து, தரை முழுக்க ஊறிப்போனது. வீட்டை விற்று வாங்கிய வண்டி. அதை மகள் ஹைடியின் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, குளிர்காலம் முழுவதும் முட்டி போட்டு, பலகை பலகையாகத் தானே பெயர்த்துத் தானே புதிதாகப் போட்டாள். ஹைடி நல்ல பெண்தான், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். "இன்னொரு தடவ தண்ணி பூந்துச்சுன்னா வண்டிய வித்துட்டு எங்க கீழ் ரூமுக்கு வந்துடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் மட்டும் உண்டு.

அன்றிலிருந்து நோரினுக்கு ஒரு பழக்கம். வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு மூலைமுடுக்கெல்லாம் நடப்பாள். ஈரத்தைக் கண்ணுக்கு முன்னால் காலுறை கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்றும் செய்திருந்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. தரையைப் போடும்போதே, ஹோஸ் வந்து சேரும் இடத்துக்குப் பின்னால், சுவருக்குள் இரண்டாவதாக ஒரு சிறிய ரெகுலேட்டரைப் பொருத்தி வைத்திருந்தாள். வெளியில் இருப்பதே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் உள்ளே இருப்பதற்கு இதுவரை சோதனையே வந்ததில்லை. மூட்டைச் சரியாக இறுக்கினோமா என்ற சந்தேகம் மட்டும் அவளை விடவில்லை.

சனிக்கிழமை, சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்புக்குச் சமையல் போட்டி. வண்டியை விட்டுப் போனால் குழாயை மூடிவிட்டுத்தான் போவாள், அன்றும் மூடிவிட்டு மதியமே மேலே இருந்த கொட்டகைக்கு வெங்காயம் நறுக்கப் போனாள். ஐந்து மணிக்கெல்லாம் நாற்பது வண்டிக்காரர்களும் கிண்ணத்தோடு அங்கே கூடிவிட்டார்கள். கரண்டியைக் கழுவக் கொட்டகைக் குழாயைத் திறந்தாள். மதியம் சோம்பலாக வழிந்த தண்ணீர் இப்போது கரண்டியில் பட்டுச் சட்டையெல்லாம் தெறித்தது. மேலேயே இப்படியென்றால் அடிவாரத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நல்லவேளை, தன் குழாய் மூடியிருக்கிறது.

அப்போதுதான் ராய்ஸ் கிண்ணத்தோடு வந்து கண்ணடித்தார்.

"இன்னிக்கு ஷவர்ல போய் நின்னுட்டு அப்புறம் சொல்லுங்க. நான் கிளம்பி வர்றப்ப அந்தப் பித்தளையக் கழட்டி உங்க படியில வச்சுட்டேன். ஹோஸ நேரா மாட்டி, குழாயையும் தொறந்து விட்டுட்டேன். நன்றியெல்லாம் வேணாம்."

அடுத்தவர் வண்டியின் தண்ணீரையோ மின்சாரத்தையோ தொடுவது இந்த வண்டிக்காரர்கள் உலகத்தில் அடுத்தவர் தட்டில் கைவைப்பது போல. அதைச் செய்துவிட்டு நன்றி வேண்டாம் என்கிறார் மனிதர். திட்டக்கூட நேரமில்லை. நோரின் கரண்டியைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடினாள். அறுபது வயது முழங்கால்கள் முனகின. ஜன்னலில்லாத அந்த அறை கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது.

"பிரஷர் இருந்தா நல்லதுதானேம்மா" என்று மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார் ராய்ஸ்.

அவளுடைய ஹோஸ் நடுவில் கை தடிமனுக்கு உப்பியிருந்தது. குழாயை எட்ட இரண்டடி இருக்கும்போது அது வெடித்தது. தண்ணீர் நேராக ராய்ஸின் மார்பில் அடித்து, தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. நோரின் குழாயை மூடினாள். வெளியே வெடித்தது போகட்டும். வெடிக்கும் வரை அந்த அழுத்தம் முழுவதும் அவள் வண்டிச் சுவருக்குள் இருந்த மூட்டில்தானே மோதிக்கொண்டிருந்திருக்கும்?

செருப்பை உதறிவிட்டு உள்ளே ஏறினாள். பாத்திரத் தொட்டியின் அடியில் மிதித்தாள். கட்டிலோரம் மிதித்தாள். கழிப்பறைக்குப் பின்னால் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தாள். அவள் போட்ட பலகை, அவள் இறுக்கிய மூட்டு. ஒரு சொட்டு இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. வாழ்க்கையில் எதையும் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று தோன்றியது.

ராய்ஸ் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். "உள்ள ஒண்ணும் ஆகலையா?"

"சுவருக்குள்ள இன்னொண்ணு இருக்கு. நானே மாட்டினது."

"என்ன மாதிரி ஆளுங்களுக்காகவா?"

"அப்ப உங்க பேரு தெரியாது."

அவர் சிரிக்க வாயெடுத்தார், சிரிப்பு வரவில்லை. அவருடைய வண்டியும் நேராகத்தான் மாட்டியிருக்கிறது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வண்டியின் அடியிலிருந்த சாமான் பெட்டிக் கதவின் கீழே தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷ அனுபவம் கால் நகராமல் நின்றது. "நோரின், நீங்களே..." என்றார்.

அவள் போய் அவருடைய குழாயை மூடினாள். பிறகு மரியாதையெல்லாம் பார்க்காமல் வரிசையில் இருந்த மற்றப் பன்னிரண்டு குழாய்களையும் மூடினாள். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு மேலே இருந்தவர்கள் இறங்கிவர, "என் தண்ணிய யாரு மூடினது?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டார்.

நோரின் தன் கருவிப் பெட்டியிலிருந்து அழுத்தமானியை எடுத்து, வண்டியில்லாத ஒரு குழாயில் திருகித் திறந்தாள். "ராய்ஸ், இங்க வாங்க. என்ன காட்டுது?"

"நூத்திப் பதினெட்டு" என்று முணுமுணுத்தார்.

"அவங்களுக்குக் கேக்கல."

"நூத்திப் பதினெட்டு" என்று மலைக்கே கேட்கும்படி சொன்னார் ராய்ஸ். அதற்குப் பிறகு ஒருவரும் கோபப்படவில்லை. ஐமோஜீன் தன் வண்டிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெட்டியோட நின்னுடுச்சு, தரைக்கு வரல" என்று நோரினைக் கட்டிக்கொண்டாள். சில்லிப் போட்டியின் முதல் பரிசான சிவப்பு ஏப்ரனை, ஒரு கரண்டிகூடச் சமைக்காத நோரினுக்கே கட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை புதிதாக ஒரு வண்டி வந்து நின்றது. ராய்ஸ் மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்து, "முதல்ல ரெகுலேட்டர மாட்டுங்க. நான் எத்தன பேருக்குச் சொல்றது?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

ஹைடி ஃபோனில் வந்தாள். ஐமோஜீன் சனிக்கிழமை எடுத்த படங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருந்தாள் போல.

"அம்மா, உண்மையச் சொல்லு. தண்ணி பூந்துச்சா? ரூம் ரெடியாத்தான் இருக்கு."

நோரின் சிவப்பு ஏப்ரனோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஜன்னல் வெயிலில் நீட்டியிருந்தாள்.

"அந்த ரூம நடக்குற மெஷினுக்கே குடுத்துடு கண்ணு" என்றாள். "என் சாக்ஸ் காஞ்சிருக்கு."