கரண்ட் வைத்த கழுத்து

என் வீட்டுக்காரர் இப்ராம்சாவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. எங்கள் ஊர் பண்ணைக்காட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு மருத்துவம் மட்டும் தெரியாமல் போய்விடுமா என்ன? கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி வந்தபோது, சளிக்கு நெறிகட்டியிருக்கிறது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். ஆறு மாதமாகியும் அந்தச் சளி இறங்கவில்லை. குரல் கரகரத்த பிறகுதான் மதுரைக்கு வரச் சம்மதித்தார்.

அங்கே தொண்டைக்குள் குழல் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, குரல்வளையில் புற்றுநோய் என்றார் டாக்டர். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். இவர் தாயத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஆடக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, பேசக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. படம் தெளிவாக விழ நடுவில் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். மிஷின் வேறு தகரக் கூரையில் கல் விழுகிறாற்போல முக்கால் மணி நேரம் சத்தம் போட்டது.

போதாதா? புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பதை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்போம். மனுஷன் வெளியே வந்ததும் வராததுமாக, கரண்ட் வைத்தாகிவிட்டது, வலியும் போய்விட்டது என்றார். சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. துவரம்பருப்பு வாங்க வந்தவர்களெல்லாம் கரண்ட்டின் மகிமையையும் இலவசமாக வாங்கிப் போனார்கள்.

ரிப்போர்ட்டை நானே போய் வாங்கினேன். உடனே கரண்ட் வைத்தால் குரல் தப்பும், தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் வெள்ளனே, கடை திறக்கும் முன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது வெறும் போட்டோங்க. போட்டோ எடுத்தாலே நோய் போயிரும்னா, நம்ம கல்யாணத்துல எடுத்த போட்டோவுக்கு எனக்கு ஒரு தலைவலிகூட வந்திருக்கக் கூடாதுல்ல?"

"எனக்குத்தான் வலியே இல்லையே" என்றார்.

"கஞ்சிய முழுங்க முடியாம கொல்லையில போயித் துப்புறீங்களே, நான் பாக்கலைன்னு நெனைச்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாய் ஓயாத மனுஷன் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் பயந்துபோய்க் கிடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நெசக் கரண்ட் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"முப்பத்தஞ்சு தடவைங்க. ஏழு வாரம்."

"அம்புட்டு நாளும் வாசல்ல நீ உக்காந்திருப்பியா, ஆலிமா?"

கேலியாகச் சொல்ல எனக்கு ஆயிரம் பதில் உண்டு. அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை.

"இருப்பேங்க" என்றேன்.