ராட்ரிக்ஸ் வகையறா

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. ராட்ரிக்ஸ் என்று இணையத்தில் தேடினேன். பந்தாட்டக்காரர்கள், பாடகர்கள், பேராயர்கள், இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு* எல்லாம் வந்தன. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் காலிப் பெட்டி கழுவும் ஜெமிமா ராட்ரிக்ஸ் வரவில்லை.

(* தீவுக்கு கேட் பாஸ் தேவையில்லை.)

2

காலைச் சூரியன் கடலிலிருந்து மெல்ல

[வேண்டாம். அந்நேரம் ஜெமிமா கடலையா பார்ப்பாள்?]

திங்கட்கிழமை காலை ஏழு மணி. கேட் மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு.

"ராட்ரிக்ஸ்னு கீற அஞ்சு பேரையும் பூட்டிட்டானுங்கோக்கா," என்றார் வாட்ச்மேன் கோதண்டம். "அந்த கஸ்பார் பண்ண வேல."

பூச்சி சாக விஷப்புகை போட்ட பெட்டியைத் திறந்தால், இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை எவரும் உள்ளே கால் வைப்பதில்லை. யார்டில் எழுதாத சட்டம் அது. சனிக்கிழமை சூப்பர்வைசர் உடனே இறங்கச் சொன்னார். கஸ்பார் மாட்டேன் என்றான். அவனை மட்டும் கேட்டில் தடுக்கச் சூப்பர்வைசர் சொன்னால், ஆபீசில் கம்ப்யூட்டரில் ஆள் நம்பருக்குப் பதில் குடும்பப் பெயரைத் தட்டிவிட்டார்கள்.

கோதண்டம் ஒரு படிவத்தை நீட்டினார். 'மேற்படி கஸ்பார் தங்களுக்கு என்ன உறவு?'

"இல்லன்னு எய்தி உள்ள பூடுக்கா. மத்த மூணு பேரும் அப்டி எய்திட்டு உள்ள பூட்டாங்கோ."

உறவில்லை என்பது உண்மைதான். அவள் ராயபுரம், அவன் எண்ணூர். என்றைக்கோ ஞானஸ்நானத்தில் வந்த பெயர் ஒன்று, ரத்தம் வேறு.

3

[போன வருஷம் கஸ்பார் அவள் உயிரைக் காப்பாற்றியதாக எழுதினேன். அடித்துவிட்டேன். காப்பாற்றியவன் பக்கம்தான் நிற்க வேண்டுமா? அவன் அவளுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவன்.]

4

முடிவு ஒன்று: 'இல்லை' என்று எழுதி உள்ளே போனாள்.

முடிவு இரண்டு: கேட் முன்னால் தொழிலாளர்கள் திரண்டு [யார்? மூன்று பேரும்தான் உள்ளே போயாச்சே.]

முடிவு மூன்று: ஜெமிமா கேட்டாள். "இன்னைக்கும் புகை போட்ட பொட்டி கீதா?"

"கீது."

"யாரு எறங்கறது?"

கோதண்டம் மெஷினைத் துடைத்தார். "உன் பேரத்தான் போட்டுகிறாங்கோ."

அவள் பேனாவை வாங்கி, 'அண்ணன்' என்று எழுதினாள்.

"இன்னாக்கா இது! அவன் உன்னவிட சின்னவன்."

அடித்துவிட்டு, 'தம்பி' என்று எழுதினாள்.

"பொய் எய்தினா வேல பூடும்க்கா."

"நீ அந்தப் பொட்டில எறங்கு. நான் உண்மைய எய்தறேன்."

5

விளக்கு பச்சையானதா என்று எழுத மாட்டேன். கோதண்டத்தின் மேஜையில் இன்னும் ஒரு படிவம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயர் ராட்ரிக்ஸ் இல்லைதான். இருக்கட்டும்.

கஸ்பார் உங்களுக்கு என்ன உறவு?